அக்கா வீட்டு நிபுணர்

வழக்குக்கு ஒரு மண் நிபுணர் வேண்டும் என்று என் முதலாளி சொன்னதும் எனக்கு ஒரு முகம் ஞாபகத்துக்கு வந்தது. அந்த முகத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாரையும் தேடினேன்.

எண்பதுகளின் தொடக்கம். ஈப்போவில் ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்தில் நான் கிராணியாக இருந்தேன். கட்சிக்காரர்களை உட்காரவைப்பது, சாட்சிகளைத் தேடிப் பிடிப்பது, கோர்ட்டுக்குக் கறுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு போவது எல்லாம் என் வேலை. இந்த வழக்கு மட்டும் என் சொந்த அக்காவுடையது. நானே முதலாளியிடம் கெஞ்சி எடுக்க வைத்தேன்.

நாங்கள் பிறந்தது கேமரன் மலையில், கோலா தெர்லா போகிற சாலையிலிருந்து ஏறிப்போகும் ஒரு தேயிலைத் தோட்டத்தில். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக்கு மேலே, சரிவில் ஒரு காய்கறித் தோட்டம். அதன் சீன உரிமையாளரான தவுக்கே ஆண்டுக்கு ஆண்டு மலையை வெட்டிப் படி படியாகக் கீழே இறங்கிக்கொண்டே வந்தார். எல்லையில் ஒரு கால்வாய் உண்டு. மேலிருந்து வரும் தண்ணீரை அதுதான் லயத்தைச் சுற்றிக் கொண்டுபோய் ஓடையில் விடும். ஒரு மழைக்காலத்து மாலையில் அந்தச் சரிவு அப்படியே நழுவி லயத்தின் கடைசி வீடுகள் மேல் விழுந்தது. அக்காவின் கணவர், எங்கள் மாமா, அதிலேயே போய்விட்டார். அக்காவின் இடது கால் நசுங்கியது.

தோட்டத்து வீடு வேலை செய்கிறவர்களுக்குத்தான். ஊன்றுகோலோடு நடக்கிறவள் கொழுந்து எடுக்க மலை ஏற முடியாது. வழக்கு முடியும்வரை இருந்துகொள் என்று துரை சொல்லியிருந்தார். தோற்றால் அக்கா தன் மகளைக் கூட்டிக்கொண்டு லயத்தைவிட்டு வெளியேற வேண்டும். வென்றால் நஷ்டஈட்டில் சொந்தமாக ஒரு சின்ன வீடாவது கிடைக்கும். அவ்வளவுதான் விஷயம். எங்களுக்கு அதுதான் எல்லாமே.

தவுக்கே தரப்பு மழையைக் கைகாட்டியது. பெருமழை, கடவுள் செயல், யார் என்ன செய்ய முடியும் என்றார்கள். மேலிருந்து தள்ளிய மண்ணும் கோழி எருவும் கால்வாயை அடைத்ததால்தான் தண்ணீர் போக வழியில்லாமல் சரிவுக்குள் ஊறி, சரிவு நழுவியது என்று நாங்கள் நிரூபிக்க வேண்டும். லயத்து ஆட்கள் எத்தனை பேர் வந்து சத்தியம் செய்தாலும் கோர்ட்டு கேட்காது. அவர்கள் பார்த்ததைச் சொல்லலாம், ஏன் நடந்தது என்று சொல்லக்கூடாது. ஏன் என்று சொல்வதற்குப் படித்தவர் வேண்டும்.

ஒருவர் கோர்ட்டு என்றாலே பயந்தார். இன்னொருவர் தவுக்கேமார்களுக்கு வேலை செய்து பிழைப்பவர், எங்களுக்குச் சாட்சி சொல்ல மாட்டார். ஓய்வுபெற்ற வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவரை விசாரித்தால், அவரை எதிர்த்தரப்பு ஏற்கெனவே அமர்த்திவிட்டது. இதையெல்லாம் அக்காவிடம் சொல்லி நான் பெருமூச்சு விட்டபோது அவள் சாதாரணமாகக் கேட்டாள்.

"நம்ம தம்பி இருக்கான்ல. அவனும் மண்ணுதான படிச்சான். அவன ஏன் கேக்கல நீ?"

அந்தத் தம்பி நான் இல்லை. அதுதான் என் வாழ்க்கையின் முதல் வயிற்றெரிச்சல்.

அவன் அடுத்த வீட்டுப் பையன். தாயில்லாப் பிள்ளை. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு. அதனால் அவன் சாப்பாடு, படிப்பு, தூக்கம் எல்லாம் எங்கள் வீட்டில். எங்கள் அம்மா விடிவதற்குள் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்விடுவாள், எங்களை வளர்த்தது அக்காதான். எங்களை என்று சொல்லும்போதே எனக்கு உறுத்துகிறது. என்னை வளர்க்க வேண்டியவள் எங்களை வளர்த்தாள். மீன் குழம்பில் நல்ல துண்டு அவன் தட்டுக்குப் போகும். ஏன் என்று கேட்டால், "பாவம்டா, அம்மா இல்லாத புள்ள" என்பாள். ஒருமுறை துரைசாணி வேண்டாமென்று கொடுத்த கம்பளிச் சட்டையைப் பிரித்து, அந்த நூலில் அக்கா ஒரு சுவெட்டர் பின்னினாள். எனக்குத்தான் என்று நினைத்துத் தினமும் முதுகைக் காட்டி அளவு கொடுத்தேன். நூல் ஒரு சுவெட்டருக்குத்தான் வந்தது. அது அவனுக்குப் போனது. அளவு சரியாகவே இருந்தது, நாங்கள் இருவரும் ஒரே உயரம். அந்த வருடம் முழுக்க நான் பிரிஞ்சாங் குளிரில் பள்ளிக்கூடத்துக்குப் போனபோதெல்லாம் என் முதுகின் அளவை அவன் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான்.

பிறகு அவன் உதவிப் பணத்தில் லண்டனுக்குப் போனான். நான் கிராணியானேன். எனக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அவனுக்கு இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள்.

வேறு வழியில்லாமல் அவனுக்குப் போன் போட்டேன். அவன் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. அக்காவுக்கா, வருகிறேன் என்றான். ஒரு முறையாவது யோசித்துச் சொல்கிறேன் என்று இழுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அலுவலகத்துக்கு வந்தபோது முதலாளி எழுந்து நின்று கைகொடுத்தார். என்னிடம் அவர் அப்படி எழுந்து நின்றதே இல்லை. முதலாளி முன்னால் நான் அவனை "சார்" என்று கூப்பிட வேண்டியிருந்தது. என் கையால் அவனுக்கு மைலோ கலந்து கொடுத்தேன். சர்க்கரையை வேண்டுமென்றே குறைத்துப் போட்டேன். அவன் நன்றி சொல்லி முழுவதும் குடித்தான்.

இடத்தைப் பார்வையிட இரண்டு தரப்பு நிபுணர்களும் ஒரே நாளில் வருவதாக ஏற்பாடு. முதல் நாளே நான் தோட்டத்துக்குப் போயிருக்க வேண்டும், ஆனால் முதலாளி வேறொரு வழக்குக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். அதனால் பார்வையிடும் நாளன்று காலையில், நிபுணரைக் காரில் ஏற்றிக்கொண்டுதான் நானும் மலை ஏறினேன்.

லயத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது எல்லைக் கால்வாய்.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய துரை வருகிறார் என்றால் கங்காணி விசில் ஊதுவார். புல் வெட்டுவார்கள், குப்பை கூட்டுவார்கள், கால்வாயைத் தூர்வாரி ஓரத்துக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்பார்கள். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கையிலேயே ஊறிய பழக்கம். இப்போது துரைகளைவிடப் பெரிய ஆள் வருகிறான். லண்டனில் படித்தவன், நம் லயத்துப் பிள்ளை. அக்கா ஊன்றுகோலோடு வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான். லயமே திரண்டு எல்லைக் கால்வாயைத் தோண்டிக் கழுவி, பளிச்சென்று ஆக்கிவிட்டது. கரையெல்லாம் வெள்ளைவெளேரென்று சுண்ணாம்பு.

எங்கள் வழக்கே அந்த அடைப்புதான். அதை அள்ளி எறிந்துவிட்டார்கள்.

"எப்படி தம்பி, சுத்தமா இருக்குல?" என்று கங்காணி என்னிடம் பெருமையாகக் கேட்டார். அதற்குள் கியா பார்மிலிருந்து வாங்கிவந்த செவ்வந்தி மாலையை அவன் கழுத்தில் போட்டார்கள். எதிர்த்தரப்பு வெள்ளைக்காரர் குடையை ஊன்றிக்கொண்டு ஓரமாக நின்று அதைப் பார்த்தார். அவருக்கு மாலை போட வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. பிறகு அவர் குனிந்து கால்வாயைப் பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்று தன் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

என் மனசில் அப்போது என்ன ஓடியது என்று சொல்கிறேன். முதலில் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. மாலையும் மரியாதையும் வாங்கினாயே, இப்போது என்ன செய்வாய் பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். அடுத்த நொடி வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த அக்கா கண்ணில் பட்டாள். அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இவன் தோற்றால் அவள் தோற்பாள். இவனைத் தூக்கிப் பிடித்துத்தான் அவளை நிறுத்த முடியும். பொறாமைப்படுகிறவனுக்கு இதைவிடக் கொடுமையான உத்தியோகம் கிடையாது.

அவன் யாரையும் திட்டவில்லை. மாலையைக் கழற்றி அக்கா மடியில் வைத்தான். கால்வாயோடு நடந்துகொண்டே போனான். சுண்ணாம்பு ஓரிடத்தில் நின்றிருந்தது. அங்கே லயத்துப் பாதை கால்வாயைக் கடக்கிறது, பாதைக்கு அடியில் ஒரு சிமெண்டுக் குழாய்.

"உள்ள யாரும் தோண்டலியே?" என்று கேட்டான்.

"மண்வெட்டி எட்டல தம்பி. வெளிய தெரியாதுல்ல, அதான் விட்டுட்டோம் லா" என்றார் கங்காணி வெட்கத்தோடு.

அவன் நல்ல காற்சட்டையோடு ஈரத்தில் குப்புறப் படுத்தான். தோள்வரை கையை விட்டான். வெளியே எடுத்த கையில் செம்மண்ணும் எருவும், காய்கறிப் பாத்திக்கு விரிக்கிற கறுப்பு பிளாஸ்டிக் துண்டும் இருந்தன. குழாய் உச்சிவரை இறுகி அடைத்திருந்தது. கையைக் கழுவாமலே வெள்ளைக்காரரைக் கூப்பிட்டு, நீங்களும் பாருங்கள் என்றான். அவரும் மழைக்கோட்டை விரித்து முழங்கால் போட்டுக் குனிந்து பார்த்தார். இருவர் முன்னாலும் மண்ணை எடுத்துப் பைகளில் கட்டினோம். பைகளில் சீட்டு ஒட்டியது நான். தானாரட்டாவிலிருந்து நான் கூட்டிவந்த கல்யாணப் படக்காரர் குழாயை மாப்பிள்ளையைப் போல எல்லாப் பக்கமிருந்தும் படம் எடுத்தார்.

அந்தக் குழாய் மேல் நான் சின்ன வயதில் ஆயிரம் தடவை நடந்திருக்கிறேன். எனக்கு ஏன் தோன்றவில்லை? அவனும் அதே அளவுதான் நடந்தான். இதை நினைத்து அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா அவனுக்குக் கோழி அடித்திருந்தாள். "நீயும் சாப்புடுடா" என்றாள் என்னிடம். அந்த "உம்" எனக்கு மட்டும் கேட்டது.

அறிக்கை எழுதும்போது முதலாளிக்கும் அவனுக்கும் இழுபறி. சரிவுக்கு அடைப்பு மட்டுமே காரணம் என்று எழுதச் சொன்னார் முதலாளி. அவன் மறுத்தான். அடைப்பு முக்கியக் காரணம், மழையும் ஒரு காரணம், அதைத்தான் எழுதுவேன் என்றான். முதலாளி எழுந்து போனதும் நான் "சாரை" விட்டுவிட்டு அவன் மேல் பாய்ந்தேன். அக்கா கையால் சாப்பிட்டவனுக்கு அவளுக்காக ஒரு சொல்லைக் குறைக்க முடியாதா என்று கேட்டேன்.

"கொறச்சா எதிர் லாயர் அந்த எடத்தத்தான் புடிப்பான். அத ஒடச்சான்னா மத்ததையும் யாரு நம்புவா? அக்காவுக்காகத்தான்டா மழையையும் எழுதுறேன்" என்றான்.

அவன் சொன்னது நியாயம். அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

விசாரணைக்கு முந்தின நாள் அக்காவைக் கூட்டிக்கொண்டு மலை இறங்கினேன். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சாட்சிக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது, அது முதலாளியின் கண்டிப்பு. கோர்ட்டு எப்படி நடக்கும் என்று சொல்லலாம். ஆகவே அதை மட்டும் சொன்னேன். நிபுணர் என்பவர் எந்தப் பக்கமும் சேராதவராக இருக்க வேண்டும், அவர் சொந்தக்காரர் என்று தெரிந்தால் அவர் சொல்லுக்கு மதிப்புக் குறையும் என்றேன்.

"பாசம் இருந்தா பொய் சொல்லிருவாங்கன்னு நெனப்பாங்களா?"

"ஆமாக்கா. அப்படித்தான் நெனப்பாங்க."

அவள் தாப்பா வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கோர்ட்டில் சாதாரண சாட்சிகள் வெளியே பெஞ்சில் காத்திருக்க வேண்டும், அடுத்தவர் சொல்வதைக் கேட்கக்கூடாது. நிபுணர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. உள்ளேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்கலாம். கங்காணியும் மற்றவர்களும் வெளியே கொட்டாவி விட்டுக்கொண்டிருக்க, அவன் உள்ளே விசிறிக்குக் கீழே நாற்காலியில் இருந்தான். எனக்கு நாற்காலி இல்லை. முதலாளிக்குப் பின்னால் பையோடு நின்றேன்.

அக்கா சாட்சிக்கூண்டில் ஏறினாள். நிற்க முடியாது என்பதால் நீதிபதி உட்காரச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் கேள்விகளைத் தமிழில் சொன்னார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சுற்றி வளைக்கவில்லை. இந்த நிபுணருக்கு மாலை போட்டீர்களா, உங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்தானே, உங்களுக்குத் தம்பி என்றே சொல்லலாமா என்று வரிசையாகக் கேட்டார். வெள்ளைக்காரர் மாலையைப் பற்றிச் சொல்ல, அவர்கள் லயத்தில் விசாரித்திருக்கிறார்கள் என்று புரிந்தது.

அக்கா அவசரப்படவில்லை. முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"மால போட்டோம். எங்க லயத்துப் புள்ள படிச்சிட்டு வந்தா போடுவோம். எங்க வீட்ல சாப்பிட்டிருக்காரு. லயத்துல யாரு வீட்ல யாரு சாப்பிடல? ஆனா எனக்குத் தம்பின்னா ஒருத்தன்தான். அந்தா, கறுப்புப் பை வச்சிக்கிட்டு நிக்கிறானே, அவன்தான்."

மொழிபெயர்ப்பாளர் அதை இங்கிலீஷில் சொன்னார். நீதிபதி தலை தூக்கி என்னைப் பார்த்தார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என்னைப் பார்த்தார். ஒரு கோர்ட்டே என்னைப் பார்த்தது. இந்த ஒரு வார்த்தைக்காக நான் எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று அங்கே யாருக்கும் தெரியாது. அதை அவள் சத்தியம் செய்து சொல்லியிருக்கிறாள், எழுத்தர் பதிவும் செய்துவிட்டார். திரும்பி அவனைப் பார்த்தேன், பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்ததையே திரும்பத் துடைத்தான்.

அடுத்து அவனை ஏற்றினார்கள். மாலையைப் பற்றிக் கேட்டபோது, போட்டார்கள், குழாய்க்குள் கை விட இடைஞ்சலாக இருந்தது, கழற்றிவிட்டேன் என்றான். நீதிபதி சிரித்தார். மழையும் காரணம்தானே என்று மடக்கினார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்.

ஆமாம் என்று உடனே ஒப்புக்கொண்டான். "ஆனால் அந்த மழை ஒவ்வொரு வருடமும் பெய்கிறது. குழாய் அந்த வருடம்தான் அடைத்திருந்தது" என்றான் இங்கிலீஷில், நிதானமாக.

அதற்குமேல் அவனை அசைக்க முடியவில்லை. வெள்ளைக்காரரும் நேர்மையான மனிதர், குழாய் அடைத்திருந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்லிவிட்டார். தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. கூட்டிச் சொல்லாத நிபுணர் என்று நீதிபதி அவனைத் தீர்ப்பிலேயே பாராட்டியிருந்தார். அந்தப் பக்கத்தை டைப் அடித்துப் பிரதி எடுத்ததும் நான்தான். நிபுணரின் நேர்மை என்ற இடத்தில் எனக்கு இரண்டு முறை விரல் தப்பியது.

அக்கா பிரிஞ்சாங்கில் சந்தைக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு வாங்கினாள். தகரக் கூரைதான், ஆனால் யாரும் காலி செய் என்று சொல்ல முடியாத கூரை. பால் காய்ச்சும் நாளன்று நான் விடிவதற்கு முன்பே போய்விட்டேன். வாசலில் மாவிலை கட்டினேன், அடுப்பு பற்ற வைத்தேன், வந்தவர்களுக்குப் பாய் விரித்தேன். ஒரே தம்பி செய்ய வேண்டிய வேலைகளை எல்லாம் செய்தேன். அவன் கோலாலம்பூரிலிருந்து தாமதமாக வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு, கூப்பிடாத விருந்தாளி மாதிரி கதவோரம் நின்றான். கோர்ட்டில் கேட்டது இன்னும் அவன் முகத்தில் இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

பால் பொங்கியது. அக்கா முதல் டம்ளரை ஊற்றினாள். முதல் டம்ளர் கூடப்பிறந்தவனுக்கு என்று நினைத்து நான் கையைக்கூட நீட்டிவிட்டேன். அவள் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். கதவோரம் நின்றவன் கையில் டம்ளரை வைத்து, அவன் விரல்களை மூடி அதன் மேல் தன் கையை வைத்தாள். அவன் அழுதான். பெரிய நிபுணர், லயத்து ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் அழுதான்.

என்னால் தாங்க முடியவில்லை. "அக்கா, கோர்ட்ல ஒரே தம்பின்னு சொன்ன" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை.

"அது கோர்ட்டுடா. இது என் வீடு."

பிறகு அடுப்பங்கரைக்குப் போய் எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொண்டுவந்தாள். பால் கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.